ஜோசியாவுக்குப் படிக்கத் தெரியாது

செகந்திராபாத்,
3 ஜூலை 2024

திருமதி ஹில்டா ஃபெலிக்ஸ் அவர்களுக்கு,

ஒன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு ஆசிரியை எவாஞ்சலின் எழுதுவது. பிள்ளையின் டயரியில் ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கு மேல் எழுத இடமில்லை, அதையும் வெள்ளிக்கிழமைதோறும் தலைமையாசிரியை பார்ப்பார். பெற்றோருக்கு எங்கள் போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது என்று போன வருடம் ஒரு சட்டம் வந்தது. யாரோ ஒரு அப்பா ஹோம்வொர்க் அதிகம் என்று ஒரு டீச்சருக்குப் போன் செய்து கத்திவிட்டார், தண்டனை எங்கள் எல்லாருக்கும். அதனால் இந்தத் தாளை டயரியின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி அனுப்புகிறேன். வீட்டில் பேசுவது தமிழ் என்று சேர்க்கைப் படிவத்தில் பார்த்தேன். நீங்களும் தமிழிலேயே எழுதுங்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஒரு வம்புமில்லை.

ஜோசியா எல்கேஜி, யூகேஜி எதுவும் இல்லாமல் நேரே என் வகுப்புக்கு வந்திருக்கிறான். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அவன் குரல்தான் பெரிது. புத்தகத்தைத் திறந்து வைத்தால் கணீரென்று சொல்கிறான். படத்தை என் கையால் மூடிவிட்டு எழுத்தை மட்டும் காட்டினால் என் முகத்தைப் பார்க்கிறான். இது ஒன்றும் குற்றமில்லை. முதல் வருடத்தில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான். வாய் முதலில் படிக்கும், கண் மெதுவாக வந்து சேரும். ஆனால் வீட்டில் யாராவது தினமும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். யார் உட்காருவார்கள் என்று எழுதுங்கள்.

எவாஞ்சலின்


மல்லாபூர்,
5 ஜூலை 2024

மதிப்பிற்குரிய மிஸ் அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

உட்கார யாரும் இல்லை மிஸ். அவன் அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். ஜோசியாவுக்கு அப்போது இரண்டரை வயது, முகம்கூட நினைவில்லை. நான் தார்நாகாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நைட் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன், அப்போதுதான் சாயங்காலம் அவனோடு இருக்கலாம். இரவில் பக்கத்து வீட்டுக் கனகம் அக்கா அவனுக்குத் துணையாகப் படுத்துக்கொள்வார். இத்தனை நாள் மருத்துவமனை கிரெஷில்தான் வளர்ந்தான். பள்ளிக்கூடம் என்று அவன் பார்ப்பது இதுதான் முதல்.

எனக்கு ஊர் நாசரேத். தமிழ் மீடியம். மருந்துப் பெயர் தவிர என் ஆங்கிலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இங்கே வந்து எட்டு வருடமாகியும் தெலுங்கு எழுத்து தெரியாது. நான் அவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மட்டும் என் மடியில் இருப்பான். பாட்டுப் புத்தகத்தில் வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே பாடுவேன். அவனும் என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுவான். எங்கள் படிப்பு அவ்வளவுதான்.

வேனில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் ஏதாவது படிக்கச் சொல்லட்டுமா?

ஹில்டா


செகந்திராபாத்,
22 ஜூலை 2024

அன்புள்ள ஹில்டா,

இன்று உன் மகன் ‘மேட்’ என்ற வார்த்தையைப் படித்தான். படத்தை நான் மூடியிருந்தேன். முன்பு ‘கேட்’ படித்த பக்கத்தைத் தானாகவே திருப்பி, இரண்டிலும் கடைசி எழுத்து ஒன்றுதான் என்று எனக்குக் காட்டினான். “மிஸ், இதி கூட அதே” என்றான், இதுவும் அதேதானாம். இருபத்தேழு வருடமாக இந்த வகுப்பில் இருக்கிறேன், இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இன்னும் வேலையை விடாமல் இருக்கிறேன். அதன் பிறகு பிள்ளையை யாரும் நிறுத்த முடியாது. பதினோரு எழுத்து இப்போது அவன் கையில்.

விரல் வைக்காமல் படிக்க மாட்டேன் என்கிறான். மற்ற பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து தாவும், இவன் விரல் வரிக்குக் கீழே சறுக்கிக்கொண்டு போகிறது. உன் கோவில் பழக்கம் போலிருக்கிறது. இருக்கட்டும். தசராவுக்குள் புத்தகம் படிப்பான், எழுதித் தருகிறேன்.

நீ என்று எழுதிவிட்டேன். என் வயதுக்கு அந்த உரிமை உண்டு. உன் கையெழுத்து அச்சடித்ததுபோல் உருண்டையாக இருக்கிறது, நாசரேத் டீச்சர்கள் வாழ்க.

எவாஞ்சலின்


மல்லாபூர்,
24 ஜூலை 2024

அன்புள்ள மிஸ்,

உங்கள் கடிதத்தை டியூட்டிக்குக் கொண்டுபோய் மூன்று முறை படித்தேன். அவன் சீக்கிரம் படிக்க வேண்டும் என்று நான் ஏன் தவிக்கிறேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மே மாதம் சேர வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம். பிள்ளையை அழைத்துப் போக முடியாது. ஓசூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தானாகப் படித்துக் காட்ட வேண்டும். மார்ச்சில் அதற்குப் பரீட்சை. படிக்கத் தெரியாத பிள்ளையை எடுக்க மாட்டார்கள். அவன் படித்துவிட்டால் நான் போகலாம். படிக்காவிட்டால் போக முடியாது.

கனகம் அக்காவும் ஆகஸ்ட் கடைசியில் மகன் வீட்டோடு போகிறார். அதற்குப் பிறகு இரவில் அவனை யாரிடம் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாசரேத்தில் எனக்கு இப்போது யாருமில்லை. ஃபெலிக்ஸ் வீட்டார் அவர் செத்ததோடு எங்களை மறந்துவிட்டார்கள்.

இது ஜோசியாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நீங்கள் தமிழில் எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஹில்டா


செகந்திராபாத்,
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஹில்டா,

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஜூலையில் தெரிந்த பதினோரு எழுத்தில் இன்று ஒன்றுகூட அவனிடம் இல்லை. ‘பி’யைக் காட்டினால் ‘டி’ என்கிறான், ‘டி’யைக் காட்டினால் ‘பி’ என்கிறான். தன் பெயரைத் தலைகீழாக எழுதுகிறான்.

பிள்ளைகள் மறப்பார்கள், எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்து எழுந்த பிள்ளை ஒரு மாதப் பாடத்தை மறந்துவிட்டு வரும். ஆனால் தெரியாத பிள்ளை பத்துக்கு இரண்டு மூன்றாவது குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாகச் சொல்லும். இவன் இருபது எழுத்து கேட்டால் இருபதும் தப்பு. தப்பித் தவறிக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. இதுபோல் நான் பார்த்ததில்லை.

கண்ணையும் காதையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டு. மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பயப்படாதே. பிள்ளையை அடிக்கவும் செய்யாதே.

எவாஞ்சலின்


மல்லாபூர்,
9 செப்டம்பர் 2024

அன்புள்ள மிஸ்,

கண், காது இரண்டும் எங்கள் மருத்துவமனையிலேயே பார்த்தேன். குறை ஒன்றுமில்லை.

அடித்துவிட்டேன் மிஸ். நேற்று ‘சி’யைக் காட்டி நாற்பது முறை சொல்லிக்கொடுத்தேன், அதன் பிறகும் ‘எக்ஸ்’ என்றான். துணி மாட்டும் ஹேங்கர் கையில் இருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே இருக்கும் தடம் அதுதான். யாராவது கேட்டால் விழுந்தான் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கனகம் அக்கா போய்விட்டார். இப்போது ராத்திரியில் அவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு டியூட்டிக்குப் போகிறேன். நம்பவே முடியாத காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். பகல் டியூட்டி கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். சில நேரம் இப்படியும் தோன்றுகிறது. இவன் இல்லாதிருந்தால் நான் எப்போதோ இந்த ஊரை விட்டுப் போயிருப்பேன். ஒரு தாய் எழுதக் கூடாததுதான். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அவனை எப்படியாவது படிக்க வையுங்கள்.

ஹில்டா


செகந்திராபாத்,
25 செப்டம்பர் 2024

ஹில்டா,

ஹேங்கர் விஷயத்தைப் பற்றி நான் எழுதினால் இந்தத் தாள் தீப்பிடித்துவிடும். அதனால் எழுதவில்லை.

நானும் யோக்கியமில்லை. போன வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. வெட்கப்பட்டாவது படிப்பான் என்று அவனைக் கொண்டுபோய் எல்கேஜி பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். மற்ற பிள்ளைகளாக இருந்தால் அழுது ஊரைக் கூட்டியிருக்கும். இவன் சின்னக் குழந்தைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். மூன்றாம் நாள் நானே கூட்டிவந்துவிட்டேன். திரும்ப என் வகுப்புக்குள் வரும்போது அவன் முகம் விழுந்துபோயிருந்தது.

படிக்காமல் இருப்பதில் இந்தப் பிள்ளைக்கு ஏதோ நிம்மதி இருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்க எனக்குத் துப்பில்லை. இத்தனை வருடம் வேலை பார்த்ததற்கு இதுதான் மிச்சம்.

எவாஞ்சலின்


செகந்திராபாத்,
18 நவம்பர் 2024

ஹில்டா,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். இனி டயரி உறைக்குள் எதுவும் வைக்காதே. காரணத்தைக் கேள்.

நேற்று உங்கள் கோவில் அறுப்பின் பண்டிகைக்கு வந்திருந்தேன். என் சித்தி மகள் கூப்பிட்டாள். நீ மூன்றாவது பெஞ்சில் டியூட்டி முடிந்த களைப்போடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாய். எழுப்ப மனம் வரவில்லை. உனக்கு இரண்டு வரிசை தள்ளி, பக்கவாட்டில் இருந்தேன். இந்த வருடப் பண்டிகைக்கென்று பாடகர் குழுத் தலைவர் தமிழில் ஒரு புதுப் பாட்டு எழுதி, ரோஸ் தாளில் அச்சடித்து வாசலில் கொடுத்தார்கள் அல்லவா? குழுவைத் தவிர கோவிலில் யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது. எனக்கே இரண்டாம் சரணத்தில் நாக்கு குழறியது.

ஜோசியா பாடிக்கொண்டிருந்தான். விரல் வரிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, வாய் விரலோடு போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை இடறவில்லை. குழு மறுபடி பல்லவிக்குத் திரும்பியபோது அவன் விரல் தாளின் உச்சிக்குத் திரும்பியது. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் ஹில்டா. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் விரல் ஓட்டி ஓட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டாய். நமக்குத்தான் தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராது என்று நம்பி நானும் நீயும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தோம், அவன் வேனில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தான்.

இன்று சாப்பாட்டு மணியில் அவனை மட்டும் நிறுத்திக்கொண்டேன். “பேட்டா, என் லெட்டரெல்லாம் படிச்சியா?” என்று கேட்டேன். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடினான். பிறகு தெலுங்கில் சொன்னான். “சதிவிதே பம்பிச்சேஸ்தாரு மிஸ். அம்மா வெள்ளிப்போத்துந்தி.” படித்தால் அனுப்பிவிடுவார்களாம், அம்மா போய்விடுவாளாம். நீ ஜூலையில் எழுதியதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். படிக்கவில்லை என்றால் நீ போக மாட்டாய். அதற்காக இருபதுக்கு இருபது தப்பாகச் சொல்லியிருக்கிறான். தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டும், அது என் மண்டையில் ஏறவில்லை. ஹேங்கர் அடியை வாங்கிக்கொண்டு ‘எக்ஸ்’ என்று சொன்னான்.

செப்டம்பரில் நீ எழுதினாயே, இவன் இல்லாதிருந்தால் என்று. அதையும் படித்திருக்கிறான். அந்த வரியை எனக்குச் சொல்லிக்காட்டினான்.

“அம்மாக்கி செப்பொத்து மிஸ்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மாவிடம் சொல்லாதே என்று. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எவாஞ்சலின்


மல்லாபூர்,
26 நவம்பர் 2024

அக்கா,

உங்களை இனி மிஸ் என்று எழுத வரவில்லை.

அவன் தூங்கும்போது அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடம் போய்விட்டது. என்னிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் வேன் ஏறும்போது டயரி உறையைத் திறந்து பார்க்கிறான். ஒன்றுமில்லை என்றதும் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். இப்போது அது எனக்குத் தெரிகிறது, இத்தனை நாள் தெரியவில்லை.

என்ன செய்யட்டும்? மஸ்கட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. போகாவிட்டால் இங்கே இன்னும் பத்து வருடம் பூட்டிவிட்டுப் போவேன். போன வாரம் உள்ளே அடுப்பைப் பற்ற வைத்துப் பால் காய்ச்சிக் குடித்திருக்கிறான். வந்து பார்த்தால் கேஸ் மூடாமல் இருந்தது. தீ அணைந்திருந்தது. அன்று நான் அரை மணி நேரம் முன்னதாக வந்ததால் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். மாட்டேன் என்றால் கோபமில்லை. இரண்டு வருடம் அவனை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா? விடுதி வேண்டாம். உங்களிடம் என்றால் அவன் வருவான்.

ஹில்டா


செகந்திராபாத்,
9 டிசம்பர் 2024

அன்புள்ள ஹில்டா,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதிலேயே உனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

என் அண்ணன் எபனேசருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும் ஊட்டவும் நான் ஒருத்திதான். இதைத்தான் காரணமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் உன்னிடம் பொய் எழுத மனம் வரவில்லை. எனக்குப் பயம், அதுதான் உண்மை. நான் நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் காலையில் வாங்கி மூன்றரை மணிக்குத் திருப்பிக் கொடுத்தே பழகியவள். மூன்றரைக்குப் பிறகு ஒரு பிள்ளையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஐம்பத்து நான்கு வயதில் கற்றுக்கொள்ளத் தைரியமில்லை.

போவதாக இருந்தால் அவனிடம் நேராகச் சொல். அழுவான், உன்னை வெறுப்பான், பிறகு படிப்பான். அல்லது போகாதே. இரண்டில் ஒன்று.

எவாஞ்சலின்


மல்லாபூர்,
6 ஜனவரி 2025

அன்புள்ள மிஸ்,

புத்தாண்டு வாழ்த்துகள்.

நான் மஸ்கட் போகவில்லை. வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜோசியா விடுதிக்குப் போக மாட்டான். அவன் என்னோடுதான் இருப்பான். பகல் டியூட்டி கிடைத்துவிட்டது. இனி வீட்டைப் பூட்ட மாட்டேன்.

ஜோசியா இருப்பதால்தான் நான் நன்றாக இருக்கிறேன். முன்பு தப்பாக எழுதிவிட்டேன்.

அவன் படித்தாலும் என்னோடு இருப்பான், படிக்காவிட்டாலும் என்னோடு இருப்பான். படித்தால் எனக்குச் சந்தோஷம்.

ஹில்டா


செகந்திராபாத்,
23 ஜனவரி 2025

என் அன்புள்ள ஹில்டா,

டயரி உறைக்குள் உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் திட்டத்தான் வாயெடுத்தேன். படித்த பிறகு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். தலைமையாசிரியை எனக்குத் தண்ணீர் கொடுக்கும்படி ஆகிவிட்டது. அதனால் இதையும் உறைக்குள்ளேயே வைக்கிறேன். படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

சங்கராந்தி லீவு முடிந்து வந்த அன்று அவனே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தான். படங்களைத் தன் கையாலேயே மூடிக்கொண்டான். பிறகு கரும்பலகை, காலண்டர், தீயணைக்கும் சிலிண்டர் மேல் எழுதியிருப்பது வரை படித்தான். வினய் என்று ஒரு பையன், இத்தனை நாள் ஜோசியாவுக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வருகிறது.

நான் செய்யாததை நீ செய்துவிட்டாய். உன் முன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எவாஞ்சலின்


மல்லாபூர்,
3 பிப்ரவரி 2025

அக்கா,

இது தபாலில் வருகிறது என்பதிலேயே புரிந்திருக்கும்.

ஜனவரியில் வந்த கடிதம் உங்களுக்கு எழுதியதல்ல, அவனுக்கு எழுதியது. சின்னச் சின்ன வரியாக எழுதினேன், அவன் தடுமாறக் கூடாது என்று. வேலையை விடவில்லை. பகல் டியூட்டி கிடைக்கவில்லை. விசா வந்துவிட்டது. மார்ச் ஒன்றாம் தேதி ஓசூரில் பரீட்சை. போட்டி என்று சொல்லிக் கூட்டிப்போகப் போகிறேன், பரிசு கிடைக்கும் என்று.

நேராகச் சொல் என்றீர்கள். சொன்னால் அவன் படிக்க மாட்டான். அடித்தே படிக்காதவன், சொல்லியா படிப்பான்? விடுதியில் அவனுக்கு இரவில் ஆள் இருக்கும், சாப்பாடு இருக்கும், கேஸ் அடுப்பு இருக்காது. அது ஒன்றுக்காகத்தான் இதைச் செய்தேன். தயவுசெய்து அவனிடம் சொல்லிவிடாதீர்கள். வகுப்பு ஆசிரியையின் சான்றிதழ் ஒன்று வேண்டும், தானாகப் படிக்கிறான் என்று. அதையும் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஹில்டா


செகந்திராபாத்,
13 பிப்ரவரி 2025

ஹில்டா,

என்னை வைத்து ஏமாற்றினாய். என் ஜனவரிக் கடிதத்தையும் அவன் படித்தான். உன் பொய்க்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல் ஆகிவிட்டது. உன்னிடம் பேச எனக்கு இஷ்டமில்லை.

அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாள் சாப்பாட்டு மணியில் நிறுத்தினேன். மூன்று நாளும் அவன் ஏதாவது ஒன்றைப் படித்துக் காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வரி என்ன? நீ என்னோடு இரு என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாதவளுக்கு முதல் வரியைச் சொல்ல வாயில்லை.

சான்றிதழ் இதோடு இருக்கிறது. தானாகப் படிக்கிறான், என் வகுப்பில் முதல் மாணவன் என்று எழுதியிருக்கிறேன். அது ஒன்றுதான் இதில் உண்மை.

எவாஞ்சலின்


மஸ்கட்,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

பரீட்சையில் அவன்தான் நன்றாகப் படித்தான் என்றார்கள். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி விட்டுவிட்டு வந்தேன். அன்று காலையில்தான் சொன்னேன். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. தமிழில்தான் கேட்டான். “அப்ப லெட்டர்ல எழுதியிருந்துச்சே?” பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டன் அம்மா பின்னால் போய்விட்டான்.

வாரம் ஒரு கடிதம் போடுகிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போனில் பேச விடுவார்கள், ‘ஓகே’ என்பதைத் தவிர அவன் எதுவும் சொல்வதில்லை. வார்டன் அம்மா சொல்கிறார், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதாம், கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறானாம்.

தசரா லீவில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவீர்களா? அவனுக்கு ஒரு கடிதம் இதனுள் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அம்மா வருவேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். லீவு இரண்டு வருடம் முடிந்தால்தான் கொடுப்பார்கள். அதுவரை அவனுக்கு ஒரு சந்தோஷம் இருக்கட்டும் என்று எழுதினேன்.

ஹில்டா


செகந்திராபாத்,
30 செப்டம்பர் 2025

ஹில்டா,

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணனுக்கு இரண்டு நாள் ஆள் போட்டுவிட்டு, ரயிலில் பெங்களூர் வரை, அங்கிருந்து பஸ்.

அங்கே காலாண்டு லீவு விட்டிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜோசியாவும் இன்னும் நான்கு பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். பிள்ளை உயரமாகிவிட்டான். சட்டை சுத்தமாக இருந்தது, நகம் வெட்டியிருந்தது. நல்ல சாப்பாடு, நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வகுப்பில் முதல் ரேங்க். ஆங்கிலத்தில் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். விரல் வைத்துப் படிப்பதை விட்டுவிட்டான்.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கவில்லை. “ஐ டோன்ட் நோ டமில், மிஸ்” என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். வேறு யாரிடமாவது சொல்லட்டும், என்னிடமே சொன்னான்.

சரி, நானே படிக்கிறேன் என்றேன். பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாளை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தேன். உன் அறையைப் பற்றி, அங்கிருக்கும் வெயிலைப் பற்றி, உன்னோடு வேலை செய்யும் மலையாளத்துப் பெண்ணைப் பற்றி எல்லாம் படித்தேன். கிறிஸ்துமஸ் வரிக்கு வந்தபோது என்னால் முடியவில்லை. இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய்யை என் வாயால் சொல்லத் தைரியமில்லை. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவன் கண் என்னோடு வரவில்லை. நான் விட்டுவிட்ட வரியிலேயே நின்றது. நான் கடைசிவரை படித்து, உன் பெயரையும் படித்து முடித்தேன். அதுவரையிலும் அங்கேயே இருந்தது. பிறகு என்னை ஒருமுறை பார்த்தான். ஏன் விட்டீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் படிக்கத் தெரியும் என்று ஆகிவிடும். எழுதியிருப்பது உண்மை இல்லை என்பதை நான் விட்டதிலிருந்தே தெரிந்துகொண்டான். “தேங்க் யூ மிஸ்” என்று எழுந்து, மற்ற பிள்ளைகள் இருந்த பக்கம் போய்விட்டான்.

உன்னை நான் திட்டவில்லை. டிசம்பரில் நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். வேறொன்று எழுது. கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று எழுது, எந்த வருடம் எந்த மாதம் வருவாய் என்று எழுது, ஜனவரியில் எழுதியது பொய் என்றும் எழுது. நான் கொண்டுபோகிறேன். வாசித்துக் காட்ட மாட்டேன். அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருப்பேன்.

எவாஞ்சலின்